இடப்பக்கம் நகர்ந்த பெலட்

பல்லேகலவில் ஒரு ஃபெக்டரியில் எனக்கு வேலை. சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது சும்மா பேச்சுக்கு. எங்கள் புரோகிராமில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம். ஸ்கிரீன் ஓரத்தில் பெலட் என்று ஒரு பெட்டி இருக்கும். வோல்டேஜ் அளக்க ஒரு படம், கணக்குப் போட ஒரு படம் என்று அதிலிருந்து இழுத்துப் போட்டு, கோடு கீறி இணைக்க வேண்டும்.

அந்தப் பெலட்டை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். நானும் மாற்றினேன். வேண்டாததை மறைத்தேன், மிச்சத்தைப் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு இழுத்தேன். பிறகு இடப்பக்கம். பக்கத்துக் கதிரையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, "என்ன பிள்ளை, கடை பரப்பி வைச்சிருக்கிறீர்?" என்று பகிடி பண்ணுவார். "எனக்கு இப்படித்தாங்கக்கா வசதி" என்று சிரித்து மழுப்புவேன்.

வசதியாவது மண்ணாவது! வலப்பக்கம் எனக்குத் தெரியவில்லை. கதவு நிலையில் தோள் இடிக்கிறது. வத்தேகம பஸ்ஸில் கண்டக்டர் வாயைத் திறந்த பிறகுதான் பக்கத்தில் ஆள் நிற்பதே தெரிகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான், ஓரத்திலிருந்து தொடங்கியது. இப்போது சோற்றுத் தட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். கண்டி ஆஸ்பத்திரியில் போய்க் காட்டலாம். காட்டினால் சொல்லிவிடுவார்களே! அந்தப் பயத்தில் போகவே இல்லை. இடப்பக்கத்தையாவது விட்டுவை என்று தினமும் சாமியிடம் பேரம் பேசினேன்.

போன திங்கட்கிழமை காலை கம்பியூட்டரைப் போட்டால் பெலட்டைக் காணோம். வந்ததே எனக்குக் கோபம்.

"யாரு இதுல கை வச்சது? ஒரு பொருள வச்ச எடத்துல இருக்க விட மாட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழும்பி வந்தார்.

"ஏன் கத்துறீர்? ஒருத்தரும் தொடேல்லை. இந்தா, இஞ்சதானே கிடக்கு."

என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டினார். முழங்கை தெரிந்தது, வளையல் தெரிந்தது. விரலைக் காணவில்லை. கழுத்தை முழுசாகத் திருப்பினேன். அப்போதுதான் விரலும் வந்தது, பெலட்டும் வந்தது. நான் வைத்த அதே இடம். இடப்பக்கம்.

"தெரியுதோ?"

"தெரியுதுங்கக்கா."

அக்கா போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரைக்குப் பின்னால் போய், குரலைத் தாழ்த்தி, "கழுத்தைத் திருப்பாதேயும். நேர பார்த்துக்கொண்டு சொல்லும். இடப்பக்கம் எத்தினை விரல் காட்டுறன்?" என்றார்.

ஸ்கிரீனை நேராகப் பார்த்தேன். எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"மூணு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவருடைய இரண்டு கைகளும் என் தோளில் இருந்தன.