செல்வி என்ற பெயர்

மகளின் கல்லூரிப் பாடத்தில் அந்தச் சமூகவியல் பேராசிரியையின் புத்தகம் வந்திருக்கிறது. பிரித்ததுமே, திருப்போரூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிய அவர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்த மத்தியானங்களும், நடவு முடிந்து வந்த அம்மாவின் சேற்று வாசனையும் திரும்பின.

"புக்குல உங்க நிஜப் பேரு வராதும்மா. வேற எந்தப் பேரு போடட்டும்?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். எழுதுகிறவர்களின் வழக்கமாம் அது.

அம்மா விரலில் காய்ந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "செல்வின்னு போடும்மா. அந்தப் பேரு சும்மாத்தான கீது."

செல்வி என் தங்கை. நடக்கப் பழகிய வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

இப்போது அம்மாவும் இல்லை. புத்தகத்தில் செல்வி நாற்று நடுகிறாள், கல்யாணம் கட்டுகிறாள், கூலிக்குச் சண்டை போடுகிறாள், தலை நரைத்துக் கிழவியாகிறாள்.

"யாரும்மா இந்தச் செல்வி, தெரியுமா?" என்றாள் மகள்.

"உன் சித்தி."