சிவந்த வாதாம் இலைகள்

காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது சிவந்த வாதாம் இலை ஒன்று என் தோளில் விழுந்தது. ஓசூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய வருடம் நினைவுக்கு வந்தது. வேலை போன வெட்கத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதேயில்லை. அந்தத் தை மாதம்தான் அவர் வாசலில் நட்டிருந்த வாதாம் மரம் முதன்முதலாகச் சிவந்து, இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையானது.

“இதுவும் செத்துப்போச்சு” என்று அரிவாளை எடுத்தார்.

அம்மா நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினாள். “உள்ள பச்சையா இருக்கு பாருங்க. வெட்டாதீங்க.”

அதன்பின் அப்பா தினமும் வெளியே வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றினார். மாசியில் துளிர் விட்டது. அன்று தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரரை அவரே கூப்பிட்டு மரத்தைக் காட்டினார். பட்டையைத் தடவியபடியே அப்பா கேட்டார்.

“அண்ணா, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?”