டாக்டர் சொன்ன ரொட்டி

இராஜபாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே டீ வந்துவிடும். பாலும் சீனியும் கலந்துதான் வரும். இதில் என்ன அதிசயம் என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள். சிலோன் தேயிலை மலையில் இருக்கும் உங்களுக்குப் புரியும். நாம் பால் கலக்காத தேயிலைச் சாயத்தைத் தனியாகக் குடித்து, சீனியை உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொண்டவர்கள். எவ்வளவு இனிப்பு உள்ளே போகிறது என்று நம் கைக்குத் தெரியும். இங்கே அது டம்ளருக்குள் ஒளிந்து வருகிறது. போன வாரம் துக்கம் கேட்கப் போன வீட்டில், "எனக்குப் பாலும் வேணாம், சீனியும் வேணாம், வெறும் சாயம் போதும்" என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "எங்க வீட்டுல பாலுக்கா பஞ்சம்? செத்த நேரம் இருங்க" என்று பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து, வழக்கத்துக்கு மேல் ஒரு கரண்டி சீனியும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் உள்ளே போன நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அதை வாங்கிக் குடித்துவிட்டார். இந்த டம்ளர்களுக்குத் தப்பிப்பதே எனக்குப் பல வருடமாக ஒரு வேலையாக இருக்கிறது.

கப்பல் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு நூல் மில்லில் வேலை கிடைத்தது. எனக்குக் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைச் சுருட்டுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. 'சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள்' என்று முகாமில் ஓர் அதிகாரி எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். சொந்த ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் சிலோன்காரங்க.

மொழி ஒன்றுதான் என்பதால் கஷ்டம் இருக்காது என்று நினைத்திருந்தேன். கஷ்டம் சாப்பாட்டில் தொடங்கியது. தோட்டத்தில் விடிந்ததும் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவோம். இங்கே காலையில் பழைய சோறு, மதியம் சுடு சோறு, ராத்திரி மிஞ்சிய சோறு. ஆசைக்கு ஒருநாள் ரொட்டி சுட்டேன். பக்கத்து வீட்டு ஜானகி எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவள், என்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவள். "ஏட்டி பார்வதி, யாருக்குக் காய்ச்சல்? சோறு ஆக்கலையா?" என்றாள். சோற்றைத் தவிர வேறெதைத் தின்றாலும் இங்கே அது நோயாளியின் சாப்பாடு. அதற்குப் பிறகு ரொட்டி சுடுவதென்றால் கதவைச் சாத்திக்கொள்வேன். அதற்கான மாவை முக்குக் கடையில் வாங்குவேன். கடைக்காரர் காதர் பாய்க்கு என் பேச்சு பழகிவிட்டது. வெள்ளை மா இருக்கும் சாக்கைக் கை காட்டினால் போதும், நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு அடங்காத தாகம் வந்தது. ரவிக்கைகள் தொளதொளத்தன. வலது காலின் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. சர்க்கரை நோய் பார்க்கிற டாக்டர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு டவுன் பஸ்ஸில் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் கிளினிக்குக்கு நடக்கிற தெருவெல்லாம் பால்கோவாக் கடைகள். பால் சுண்டுகிற வாசனைக்குள் நடந்து போய், இனிப்புத் தொடக்கூடாது என்று கேட்டுவிட்டு, அதே வாசனைக்குள் திரும்பி வர வேண்டும்.

டாக்டர் நல்ல மனிதர். கூட்டம் அதிகம் என்பதால் வேகமாகப் பேசுவார். "சோத்தை மதியத்துக்கு மட்டும் வச்சுக்கங்க, அதுவும் ஒரு கப். மத்த ரெண்டு வேளையும் கோதுமை சாப்பிடுங்கம்மா" என்றார். எனக்குக் காதுகளை நம்ப முடியவில்லை. "கோதுமை மாவுல ரொட்டி மாதிரி சுட்டுச் சாப்பிடலாங்களா?" என்று கேட்டேன். "தாராளமா" என்றார். திரும்புகிற பஸ்ஸில் என் நோயை மறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு தின்றதை ஒரு டாக்டரே மருந்தாகச் சொல்லிவிட்டார். இனி ஜானகி கேட்டால், டாக்டர் சொன்னது என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். இந்த ஊர் முதன்முதலாக என் தட்டைப் பார்த்துச் சரி என்று சொன்னது போல இருந்தது.

அந்தக் காலத்தில் வீட்டில் சோதித்துப் பார்க்க நீல நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் விற்றார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, அடுப்பில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் மோசம். ஜானகி ஒருநாள் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, நான் சேலைக்குச் சாயம் காய்ச்சுவதாக நினைத்து, "எனக்கும் ஒரு சேலை நனைச்சுத் தாயேன்" என்றாள். அதற்குச் சிரித்த சிரிப்புதான் அந்த மாதங்களில் நான் சிரித்த ஒரே சிரிப்பு. காலையும் மாலையும் ரொட்டி, மதியம் ஒரு கப் சோறு, சீனி அறவே இல்லை. ஆனாலும் குழாய் ஒவ்வொரு முறையும் செங்கல் நிறத்தில்தான் நின்றது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார். அதற்கடுத்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையைச் சொன்னாத்தாம்மா வைத்தியம் பாக்க முடியும். இனிப்பு ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இருவர் பார்வையும் எனக்கு மேலே சந்தித்துக்கொண்டன. பஸ்ஸில் என் வீட்டுக்காரர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வன்னியம்பட்டி விலக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"களவாத் திங்கிறியா புள்ள?"

"எத?"

"நீதான் சொல்லணும். மாசா மாசம் அந்தக் கடைகளைத் தாண்டித்தானே வாறோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு இல்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அன்று முதல் நான் ரொட்டியையும் பாதியாக்கினேன். பசியில் வேலைக்குப் போய், பேண்டேஜ் சுருளுக்கு முன்னால் கண் இருட்டிக்கொண்டு நிற்பேன். நாங்கள் சுருட்டுகிற அதே துணிதான் என் விரலிலும் சுற்றியிருந்தது. புண்ணின் ஓரம் கறுத்தது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார்.

அதைக் கேட்ட மறுநாள் காலையில் எப்போதும் போல ரொட்டி சுட்டேன். தின்னவில்லை. டிபன் பாக்ஸில் வைத்து மூடி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். என் முறை வந்ததும் மேசைமேல் பாக்ஸைத் திறந்து வைத்தேன்.

"நான் திங்கிறது இதுதாங்க. நீங்களே பாத்துக்கங்க."

டாக்டர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு ரொட்டியை ஓரத்தில் கிள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்தார். வாயிலும் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மைதால்ல?"

"இல்லீங்க, கோதுமை மா."

"கோதுமை மாவு இம்புட்டு வெள்ளையா இருக்காதும்மா. இது மைதா."

"எங்க ஊருல இதத்தாங்க கோதுமை மான்னு சொல்லுவோம்."

மைதா என்ற சொல்லை நான் கேட்டிருந்தேன். சுவரில் போஸ்டர் ஒட்டுவதற்குக் காய்ச்சும் பசை என்றுதான் அதைப் புரிந்து வைத்திருந்தேன். டாக்டர் பாக்ஸை மூடி என் பக்கம் நகர்த்தினார். வெளியே அடுத்த நோயாளி இருமிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். சொன்னேன். "ஒரே பாஷைதானே பேசுறோம்னு நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கோதுமையின் தவிட்டையெல்லாம் எடுத்துவிட்டு அரைத்த மாவுதான் மைதா. வாயில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அது ரத்தத்தில் சர்க்கரையாகிவிடும். தவிடோடு இருந்தால் மெதுவாக ஏறும். "அதுக்காக முழுக் கோதுமைன்னா எம்புட்டு வேணாலும் திங்கலாம்னு நெனைச்சுராதீங்க. சோறோ, சப்பாத்தியோ, கூழோ, எல்லாமே சர்க்கரையாத்தான் போயி முடியும். அளவுதான் முக்கியம். கீரை, அவரை, சுண்டல் கூடச் சேத்துக்கங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். மாத்திரையைக் குறைத்து எழுதினார்.

நான் களவாகத் தின்னவில்லை என்பது தெளிவாகிவிட்டது. அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் திரும்பும் பஸ்ஸில் மடியில் இருந்த பாக்ஸ் கனத்தது. டாக்டர் எனக்குச் சொன்னது என் ரொட்டி இல்லை, வேறு யாருடைய ரொட்டியோ. என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாயங்காலம் காதர் பாய் கடையில் கோதுமையை மணியாக வாங்கி, மாவு மில்லில் கிட்ட நின்று அரைத்து வந்தார். "சலிக்காத, தவிடு போயிரும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பழுப்புச் சப்பாத்தியைத் தனக்கும் வைக்கச் சொல்லி, மென்று மென்று தின்றார். இன்றுவரை ராத்திரிக்கு அவருக்கும் அதுதான்.

சில வாரங்களில் குழாய் பச்சைக்கு இறங்கியது. புண்ணும் ஆறத் தொடங்கியது, விரல் தப்பியது. ஆனால் இந்த நோய் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் பிடிக்கும். ஒருநாள் கம்பெனியில் லாரி வந்து நிற்க, சரக்கு ஏற்றும்வரை யாரும் சாப்பிடப் போகக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நான் காலையில் மாத்திரை போட்டிருந்தேன். கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, துணிக் கட்டுகளின் மேலேயே சரிந்துவிட்டேன். "பேய் அடிச்ச மாதிரி முழிக்கிறாளே" என்று யாரோ சொன்னது கேட்டது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஜானகிக்கு மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அன்று அவள் மகள் பரீட்சையில் பாஸானதற்காக எல்லோருக்கும் கொடுக்கப் பால்கோவா வாங்கி வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து என் வாய்க்குள் திணித்தாள்.

"முழுங்குட்டி! இதுக்குப் பயந்தது போதும், முழுங்கு!"

பிறகு சீனி கரைத்த தண்ணீரும் புகட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் தெளிந்தன. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் கேட்டார், "பால்கோவா எப்பிடி இருந்துச்சு?"

"தெரியல. நாக்குல ருசியே இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் என்னிடம் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

தொண்ணூறுகளில் கூழ் குடிக்கச் சொன்னார்கள். கேழ்வரகு என்றார்கள். புது ஊரின் புதுத் தானியம் என்று பயந்துகொண்டே வாங்கிப் பிரித்தால், நம் குரக்கன்! எல்லாப் பொருளும் இரண்டு பெயரோடு அலைகிற இடத்தில் எதை நம்பித் தின்பது? இப்போது யார் எதைச் சொன்னாலும், கொண்டுவந்து கண்ணில் காட்டச் சொல்கிறேன். இங்கே வந்து சேர்ந்த நம்மவர்களுக்கும் அதையே சொல்கிறேன். டாக்டரிடம் போகும்போது வாயால் சொல்லாதீர்கள், தின்பதைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு கப் என்றால் எந்தக் கப் என்று கேளுங்கள். சீனி மிட்டாய் ஒன்றை எப்போதும் முந்தானையில் முடிந்து வையுங்கள். இதையெல்லாம் தினமும் மூன்று வேளை, சாகும்வரை செய்ய வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது. அலுப்பு என்று சொன்னால் வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை. நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள்.

இந்த மாதம் டாக்டரிடம் போனபோது என் கால்களை நீட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிற இடத்தைச் சொல்ல வேண்டும். இடது காலில் பஞ்சு பட்டது. "பெருவிரல்" என்றேன். "குதிகால்" என்றேன். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. "இப்ப?" என்றார். "இன்னும் தொடலீங்களே" என்றேன். "வலது காலுல தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. கீழே இறக்கி வைத்த இடது காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் வெயில் ஏறிய சிமெண்ட் தரை சுட்டது. வலது காலில் எதுவும் தெரியவில்லை. தெரியாத அந்தக் காலுக்கு மட்டும், விடியற்காலை மழையில் நனைந்த தேயிலைச் சரிவின் மண், விரல்களுக்கிடையே பிதுங்கி, சில்லென்று இருந்தது.

"தெரியுதாம்மா?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"தெரியுது" என்றேன். அவர் அதைத் தப்பாகக் குறித்துக்கொள்ளக் கூடாதே என்று, "நீங்க தொடுறது தெரியலீங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.