கல்லறை மேல் எலுமிச்சை சோறு

இந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று குன்னூரின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மதிலில் புதிதாக அடித்திருந்த ஈரச் சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும், அம்மாவின் எரிச்சல் குரல்தான் முதலில் நினைவில் கேட்டது. சின்ன வயதில் அன்றைக்கு ஊரே அங்கே திரண்டிருக்கும். அப்பாவின் கல்லறைக்கு நாங்கள் வெள்ளையடித்து நிமிர்வதற்குள், பக்கத்துக் கல்லறைக்கு நீலம் அடிக்கும் ஸ்டெல்லா அக்கா எங்கள் வெள்ளைமேல் நாலு சொட்டாவது தெறிக்கவிட்டுவிடுவார். அம்மா அவரை ஒன்றும் சொல்லமாட்டாள். அப்பாவைத்தான் திட்டுவாள்.

"ஏனுங்க, இத்தன நடக்குது, கம்முனு படுத்திருக்கறீங்களே!"

பனியில் அணைய அணைய மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்துப் போனதும், அகலமான வெள்ளைக்காரர் கல்லறைகளின் மேல் எல்லோருமாக உட்கார்ந்து எலுமிச்சை சோறு சாப்பிடுவோம். ஸ்டெல்லா அக்காவின் மீன் ஊறுகாய்க்கு அம்மாதான் முதலில் கை நீட்டுவாள்.

இப்போது வாசலில் காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார்.

"மெழுகுவத்தி, சாப்பாடு எதுவும் ஆகாதுங்க. பாரம்பரிய இடமாக்கிட்டாங்க. சும்மா பாத்துட்டு வாங்க."

பார்ப்பதற்கா வந்தேன்? பையை அவரிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மெழுகுவத்தி எரியும் கல்லறை ஒன்றுகூட இல்லை. பாசி படிந்து கறுத்துப்போன அப்பாவின் கல்லருகே வெறுங்கையோடு நின்றேன். கேமராவோடு வந்த ஒரு பெண் சிரித்தபடி கேட்டாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? போட்டோவுல விழறீங்க."

"முடியாதும்மா," என்றேன். "இவரு எங்கப்பா."