வெள்ளைப் பொட்டு ஓடிய திரை

கைத்தொலைபேசியின் திரையை அப்படியே கணினியில் விழுத்தலாம் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியவந்தது. எங்கள் நீர்வேலி வாழைச் செய்கையாளர் சங்கத்தில் உர விண்ணப்பத்தை இனித் தொலைபேசியில்தான் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, ஒரு வீடியோ செய்து போடு" என்று செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

என் தொலைபேசி கிழடு. வயரைச் செருகினால் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் தங்கையுடையது புதிது. ஒரு சனிக்கிழமை காலை அதைச் செருகி மென்பொருளைத் திறந்ததும் அவளுடைய திரை என் கணினியில் பெரிதாக வந்து நின்றது. அவள் விரல் படும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும்படி அமைப்பை மாற்றினேன். எங்கே அமத்துவது என்று சங்கத்து ஆட்கள் பார்க்க வேண்டுமே. ஆனால் எனக்கு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. தெரிந்த இடத்துக்கு நேரே போனது. தெரியாத இடத்தில் அங்கே தொட்டு, இங்கே தொட்டு அலைந்தது. ஒருவர் யோசிப்பதை வெளியில் நின்று பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று அம்மா மருதனார்மடத்துச் சாத்திரியாரிடம் போயிருந்தார், தங்கைக்கு வந்த இடத்தின் குறிப்பைக் கொடுத்துப் பொருத்தம் பார்க்க. மாப்பிள்ளை கனடா. எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. தங்கையிடம் கேட்டபோது சிரித்தாள். அது போதும் என்று விட்டுவிட்டோம்.

பாதிப் பதிவில் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் இரையத் தொடங்கியது. "நிப்பாட்டச் சொல்லிப்போட்டு வாறன்" என்று போனேன். பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது தங்கை விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா மெசேஜ் போட்டவ. பொருத்தமாம்."

"நீ என்ன சொன்னனி?"

"அவவின்ரை விருப்பம் எண்டு சொன்னனான்."

எங்கள் வீடுகளில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம். செல்லமாக அவள் தலையில் ஒரு குட்டுப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம், மோட்டர்ச் சத்தத்தை வெட்டுவதற்காகப் பதிவை ஓடவிட்டேன். பதிவில் நான் வெளியே போன கட்டத்தில் அம்மாவின் செய்தி வந்தது. "பொருத்தம் எட்டு. ஓம் எண்டு சொல்லட்டோ?" வெள்ளைப் பொட்டு எழுத்துகளின் மேல் நடந்தது. 'எனக்கு விருப்பமில்லை அம்மா.' அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'நான் இஞ்சையே படிப்பிச்சுக்கொண்டு இருக்கப்போறன்.' அதுவும் போனது. மூன்றாம் தரம் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினாள். அந்த ஒற்றைச் சொல் கனநேரம் நின்றது. பொட்டைக் காணவில்லை. பிறகு அதையும் அழித்துவிட்டு, 'உங்கடை விருப்பம்' என்று விறுவிறுவென்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரித்ததுபோல் முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது, என்மேல்தான். விரல் யோசிப்பதைப் பார்த்து வியந்தவன் கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளிறிப் போனாள்.

"அழிச்சுவிடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை," என்றாள். "அம்மாவுக்குக் காட்டுங்கோ. எனக்கு வாயாலை சொல்ல வராது."

அம்மா வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றபடி பார்த்தார். "இன்னொருக்காப் போடு தம்பி" என்றார். போட்டேன். முடிந்ததும் தொலைபேசியை எடுத்துக் கலியாணத் தரகரை அழைத்தார்.

"அண்ணை, காலமை நான் ஓம் எண்டனான். உந்தப் பேச்சை விடுங்கோ."

மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"பிள்ளை வேண்டாமெண்டு எழுதியிருக்கிறாள்."