வல்லைவெளியில் தகரச் சில்லு

ஐயா தன் மோட்டார் சைக்கிளின் சில்லுகளைத் தகரத்தால் மூடியபோது, எங்கள் ஒழுங்கையில் அதைப் பார்க்க வராத ஆள் இல்லை. அவருக்கு அரசாங்க றோட்டுகளை மேற்பார்க்கும் ஓவசியர் வேலை. அந்த வேலைக்காகத்தான் சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். யாரோ ஒருவர் வீட்டில் பார்த்த ஆங்கிலப் பத்திரிகையில், பந்தய வண்டி ஒன்றின் சில்லுகள் கம்பி வெளியே தெரியாமல் முழுதாக மூடியிருந்தனவாம். அப்படி மூடினால் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்ததாம். அடுத்த ஞாயிறே நெல்லியடியில் தகரவேலை செய்பவரிடம் போய், மண்ணெண்ணெய்த் தகரத்தில் நாலு வட்டம் வெட்டுவித்து வந்தார். ஒரு சில்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு. துளை போட்டுச் சில்லுக் கம்பிகளோடு கட்டிப் பச்சை வர்ணமும் பூசினார்.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசல் படலை வரை வந்து பார்த்துவிட்டு, இரண்டு தாம்பாளம் உருண்டு போகிற மாதிரிக் கிடக்கு என்றார். ஐயா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

தெற்கே இருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் ஆளுயர ஓலைவேலி. வேலிக்கு மேலே வேம்பின் தலைகள் ஆடுவதைப் பார்த்தால்தான் காற்று வீசுகிறது என்றே தெரியும். நாலைந்து நாள் அந்த ஒழுங்கைகளுக்குள் ஓடிப் பார்த்துவிட்டு, வண்டி முன்னையைவிட நன்றாகப் போகிறது என்று ஐயா முடிவு கட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மாவுக்குப் பிரசவ நோக் கண்டது. விடியப்புறம் வந்த ஊர் மருத்துவிச்சி, மத்தியானம் வெளியே வந்து கையைக் கழுவிவிட்டு, பெரியம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, இனித் தன் கையில் இல்லை, ஆஸ்பத்திரியில் படித்த நேர்ஸம்மாவைக் கூட்டி வரவேண்டும் என்பதுதான் அது. நேர்ஸம்மாவின் வீடு அச்சுவேலியில், வல்லைவெளி என்ற திறந்த வெளிக்கு அந்தப் பக்கம். ஊரில் இருந்த ஒரே கார் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தது.

ஐயா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டும்போது பெரியம்மா மறித்தார். நேர்ஸம்மா புருசனை இழந்தவர். அப்படிப்பட்டவரை ஒரு ஆம்பிளை தனியாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு வல்லைவெளியால் வந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டார். என்னைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து, வரும்போது இவளை நடுவில் வைத்துக்கொண்டு வா என்றார். எனக்கு எட்டு வயது. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் சுவராக இருப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. கரியரில் ஏறி இருந்து ஐயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டபோது எனக்குத் தாங்கமுடியாத சந்தோசம்.

ஊர் முடிய வேலிகளும் முடிந்தன. அதற்கப்பால் வெளி. ஒரு பனைகூட இல்லாத வெள்ளைத் தரை, இரண்டு பக்கமும் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர், நடுவில் மேடாகக் கல்லு றோட்டு. காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து விழுந்தது. தகரம் நான்கும் சேர்ந்து பம்பரம் போல இரைந்தன. சைக்கிள் வலப்பக்கம் ஓடியது. ஐயா திருப்பிக் கொண்டுவந்தார், அது மறுபடி ஓடியது. எனக்காக அவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். என் கைகளுக்குள் அவருடைய வயிறு கல்லுப்போல இறுகியிருந்தது. முன்சில்லுக்குக் காற்றுக் குறைவு போல என்று மட்டும் சொன்னார்.

நேர்ஸம்மா ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். வெள்ளைச் சேலையும் தோல்பையுமாக ஒரு நிமிசத்தில் வெளியே வந்துவிட்டார். மூடிய சில்லுகளை ஒருமுறை பார்த்தார். எனக்குப் பின்னால் ஏறி, பையை என் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது காற்று வலப்பக்கம். வல்லைப் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் வந்ததும் ஒரு பெரிய வீச்சு வந்தது. ஐயாவின் இரண்டு கைகளும் பிடித்திருக்கும்போதே கைபிடி தானாகத் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று பேரும் இடப்பக்கச் சரிவில் சேற்றுக்குள் போய்ச் சாய்ந்தோம். எனக்கு முழங்கால் உரசியது. நேர்ஸம்மா விழுந்த நிலையிலேயே தோல்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

அவர் எழுந்து சேலையை உதறவில்லை. நேரே சைக்கிளிடம் போனார்.

“தம்பி, இந்த வெளியிலை குடையைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு எத்தினை தரம் நடந்திருப்பன். உதுவும் குடைதான். முன்னாலை கிடக்கிறதைக் கழட்டும்.”

ஐயா வண்டிப் பையிலிருந்த குறடு ஒன்றை எடுத்து, தகரத்தைக் கட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். சேறு பூசிய கையில் இரண்டு தரம் குறடு வழுக்கியது. முன்சில்லின் இரண்டு தகரமும் கழன்றதும், தனியே ஏறிக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்தார். கைபிடி அடங்கியிருந்தது. பின்சில்லில் தகரம் இருந்தபடியே இருந்தும் வண்டி அவ்வளவாக இழுக்கவில்லை. திரும்புகிற சில்லு முன்சில்லுதானே, அதைக் காற்றுப் பிடித்தால் ஓட்டுகிறவருக்குப் பதிலாகக் காற்றே திருப்பும். றோட்டுப் போடத் தெரிந்த தனக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று ஐயா மெதுவாகச் சொன்னார்.

ஆனால் மூன்று பேரும் ஏறியதும் மறுபடி ஆட்டம். பின்னால் பாரம் கூடினால் முன்சில்லு நிலத்தை இறுக்கிப் பிடியாது. நேர்ஸம்மா என்னைப் பார்த்தார்.

“பிள்ளையை இறக்கும்.”

பெரியம்மா சொன்னதை ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“உம்மடை மச்சாள் கேட்டா நான் பதில் சொல்லுறன். அங்கை ஒரு உயிர் இல்லை, ரெண்டு உயிர் கிடக்கு.”

றோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கி இருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் சுமையை இறக்கி ஆறுவதற்கு நாட்டிய கல். அதன் நிழலில் என்னை இருத்தலாம் என்றார் நேர்ஸம்மா. ஐயா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து, நிழலில்லாத மதகுக் கட்டு வரைக்கும் தூரக் கூட்டிப்போனார். எனக்கு அதில் கோபம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காகத்தான் அந்தக் கற்களை நாட்டுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“பிள்ளை, உந்த ரெண்டு தகரத்தையும் காத்து அடிச்சுக்கொண்டு போகாமல் பிடிச்சுக்கொண்டிரு. அரை மணித்தியாலத்திலை வாறன். ஆர் கூப்பிட்டாலும் போகாதை.”

அவர்கள் போனார்கள். நேர்ஸம்மா கூச்சமில்லாமல் ஐயாவின் தோளைப் பிடித்திருந்தார். சைக்கிள் நேராகப் போனது.

நான் ஒரு தகரத்தின் மேல் ஏறியிருந்து மற்றதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். காற்று அதை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது. வெட்டிய விளிம்பு உள்ளங்கையைக் கீறியது. சட்டை நுனியால் கையைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தகரத்தை விட்டால் ஐயாவின் சைக்கிள் இனி ஓடாது, சைக்கிள் ஓடாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று எப்படியோ எண்ணிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வெங்காயம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் ஆருடைய பிள்ளை என்று விசாரித்தார், வண்டியில் ஏறு, வீட்டில் விடுகிறேன் என்றார். ஐயா இருக்கச் சொன்னவர் என்றேன். அவர் வெளியின் இரண்டு முனையையும் பார்த்தார். பிறகு மாடுகள் களைத்துவிட்டன என்று சொல்லி, வண்டியை எனக்கும் காற்றுக்கும் நடுவில் மறிப்பாக நிறுத்தி அவிழ்த்துவிட்டு, சில்லில் சாய்ந்து வெற்றிலை போட்டார். மாடுகளோ மூச்சு வாங்காமல் நின்று வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தன. அவர் வெற்றிலை இரண்டாம் தரமும் போட்டார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் ஐயா வந்தார். பின்சில்லின் தகரத்தையும் பிடுங்கி எறிந்திருந்தார். அறுந்த கம்பித் துண்டுகள் சில்லில் தொங்கின. நான் இரண்டு தகரத்தையும் தூக்கிக் காட்டினேன். ஒன்றும் பறக்கவில்லை என்றேன். அவர் தகரத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையைக் கிழித்து இரண்டு கையையும் சுற்றிக் கட்டினார். பிறகு வண்டிக்காரரிடம், உதுகளைக் கொண்டுபோங்கோ, கோழிக்கூட்டுக்கு உதவும் என்றார். வண்டிக்காரர் ஐயாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வாங்கி வெங்காயத்தின் மேல் வைத்தார். பின்னேரம் முழுவதும் நான் காத்த தகரம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகைக்குள்ளேயே தம்பியா தங்கச்சியா என்று கேட்டேன்.

“அம்மா சுகமாயிருக்கிறா,” என்றார் ஐயா.

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். அம்மா சுகம் என்றால் எல்லாம் சுகம் என்று நான் அழுகையை நிறுத்தினேன்.

அவர் என்னைப் பின்னால் ஏற்றவில்லை. சின்னப் பிள்ளையைப் போல முன்னால் பெற்றோல் தாங்கியில் இருத்தி, இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். காற்று அடங்கியிருந்தது. உப்புத்தண்ணீரில் ஒரு சிற்றலைகூட இல்லை. கைபிடி அசையவே இல்லை. இனி வேகமாகப் போகலாம், காத்து இல்லை ஐயா என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நடந்து போகிறவனின் வேகத்திலேயே ஓட்டினார்.

பிறந்தது தம்பி என்பதும், அவன் ஒருதரமும் அழவில்லை என்பதும் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொல்லப்பட்டது. அன்று அந்த வெளியில், ஐயா இன்னும் காற்றுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.