அலமாரியக்காவும் அவள் ஓரகத்தியும்

அலமாரியக்காவுக்குத் தொழில் தையல். வீட்டின் முன்னறையில் பாதியைத் துணி கட்டித் தடுத்து, ஒரு மெஷினும் வெட்டுகிற மேசையும் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, பழைய சட்டையைப் பிரித்து லூஸ் விடுவது என்று ஏதாவது வேலை வந்துகொண்டிருக்கும். கணவர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் இடுப்பளவும் அவளுக்கு மனப்பாடம்.

பக்கத்திலிருந்த செருப்புத் தொழிற்சாலையை மூடிய வருஷம் அது. மகனின் கால்சட்டையைப் பெரிதாக்கித் தரச்சொல்லி வந்த ஒரு பெண், முக்காலியில் காத்திருந்தவள், அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "பசங்களுக்குக் குடுத்துட்டேன்க்கா. எனக்கு அவ்வளவா பசிக்கல" என்கிறாள். அன்று மாலையே அக்கா, தைத்து முடித்த துணிகளை அடுக்கும் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் வைத்தாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், முடிந்தவர்கள் கொண்டுவந்து வைக்கலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வைத்தார்கள். அலமாரி நிரம்பி, மேசைக்கு அடியில் போய், மெஷினுக்குப் பின்னால் போய், கடைசியில் தன் சட்டையில் மிளகாய்ப் பொடி நெடி அடிக்கிறது என்று ஒரு வாத்தியார் சண்டைக்கு வந்த பிறகுதான் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். சமுதாயக் கூடத்தின் பின்னறை சும்மா கிடந்தது. வெள்ளையடித்து, பலகை அடித்து, வாசலில் 'உணவு வங்கி' என்று எழுதி மாட்டினார்கள். ஆனால் வாயில் அந்தப் பேர் யாருக்கும் வரவில்லை. "அலமாரிக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னார்கள். அவளும் அலமாரியக்கா ஆனாள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தோள் கொஞ்சம் நிமிரும்.

அவள் முறையில் ஒரு கண்டிப்பு இருந்தது. வெள்ளிக்கிழமையே பைகளைக் கட்டி வைத்துவிடுவாள். எல்லாப் பையிலும் ஒரே மாதிரி சாமான். சனிக்கிழமை காலை வரிசையில் வருகிறவர்களிடம், "வீட்ல எத்தனை பேரு? அவருக்கு வேலை கிடைச்சுதா? போன வாரம் குடுத்த மாவு தீந்துடுச்சா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் கொடுப்பாள். அக்கறையில்தான் கேட்டாள். பதில் சொல்கிறவர்கள் ஏன் தரையைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அவள் யோசித்ததில்லை.

இப்படி இருக்கும்போது கொழுந்தன் மாற்றலாகி, குடும்பத்தோடு பக்கத்துத் தெருவுக்கே வந்து சேர்ந்தான். அவன் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "வீட்ல சும்மா உக்காந்து என்னக்கா பண்றது, நானும் வரேன்" என்றாள். அக்காவே கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பிறகு அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வந்த இரண்டாவது சனிக்கிழமையே ஓரகத்தி, கட்டிய பைகளைப் பிரித்துக் கூடைகளில் கொட்டினாள்.

"என்ன பண்ற?"

"அவங்களே எடுத்துக்கட்டும்க்கா. ஒருத்தருக்குப் பயறு பிடிக்காது, ஒருத்தருக்கு மாவு வேண்டாம். கடை மாதிரி இருந்தா வர்றவங்களுக்கும் கூச்சம் இருக்காது."

"கடையா இது? ஆளாளுக்கு அள்ளிட்டுப் போனா கடைசில நிக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"பாத்துக்கலாம்க்கா, ஒரு வாரம்."

ஒரு வாரம் பார்த்தார்கள். யாரும் அள்ளவில்லை. "இது எங்களுக்கு இருக்கு, வேற யாருக்காவது ஆகும்" என்று பலர் திருப்பி வைத்தார்கள். ஓரகத்தி யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இந்தத் தக்காளியப் பாருங்க, உங்களுக்குன்னே சிவந்து நிக்குது" என்பாள். குனிந்தே வந்த சனம் சிரிக்க ஆரம்பித்தது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று, டப்பாக்களை அடுக்கித் தந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரும் காய்கறி மண்டிக்காரர்களும், அக்கா எத்தனையோ தடவை நடந்தும் பிடிகொடுக்காதவர்கள், அவள் ஒரு தடவை போய்ப் பேசியதும் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றும் வந்து இறங்கியது.

நல்லதுதானே நடக்கிறது என்று அக்காவின் வாய் சொன்னது. வயிறு கேட்கவில்லை. கூடத்துக்குள் நுழையும்போதே யார் யார் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பாள். அவள் வந்தால் "வாங்கக்கா" என்பார்கள், அவ்வளவுதான். ஓரகத்தி வந்தால் குழந்தைகள் ஓடும். ஒருநாள் அவள் வரத் தாமதமாக, வரிசையில் நின்ற ஒரு கிழவர் அக்காவின் முகத்துக்கு நேராகவே, "இன்னைக்கு அவங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை அவள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

"என்னமோ புகையுதே" என்றார் கணவர்.

"அடுப்பை இன்னும் பத்த வைக்கவே இல்லையே."

"அடுப்புல இல்ல, உன் காதுல."

அவள் சிரிக்கவில்லை. "உங்க தம்பி பொண்டாட்டின்னா உங்களுக்கும் இனிக்கும்" என்று கரண்டியைப் போட்ட சத்தத்தில் அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பேப்பர் என்றதும் அந்தப் புகைப்படத்தைச் சொல்ல வேண்டும். உணவு வங்கியைப் பற்றி எழுத ஒரு நிருபர் வந்தார். அக்கா முதல் நாள் அலமாரியிலிருந்து ஆரம்பித்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கூடைப் பக்கம் போனது. அங்கே ஓரகத்தி ஒரு பாட்டில் எண்ணெயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஏதோ வேடிக்கை சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் நகந்துக்குங்கம்மா, வெளிச்சம் மறைக்குது" என்றார் நிருபர். நகர்ந்தாள். மறுநாள் வந்த படத்தில் ஓரகத்தியின் சிரிப்பு பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை. அது யாருடையது என்று அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அதற்கடுத்த வாரம் புதிதாக வந்த ஒருத்தி வாசலில் நின்று, "இங்க அலமாரியக்கான்னு..." என்று இழுத்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன் ஓரகத்தியைக் காட்டி, "அதோ, அவங்கதான்" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து தைத்ததை எல்லாம் அவள் மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது.

அந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு கோளாறு உண்டு. கதவு ரப்பர் தளர்ந்துபோயிருந்தது. சாத்திவிட்டு முட்டியால் ஒரு இடி இடித்தால்தான் ஒட்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பால்பண்ணையிலிருந்து வந்த பாலையும் தயிரையும், கறிக்கடைக்காரர் தந்த கோழியையும் ஓரகத்தி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல். கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, பூட்டிடுங்க" என்று ஓடினாள்.

அக்கா விளக்கை அணைத்தாள். இருட்டில் ஃபிரிட்ஜின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. கதவு ஒட்டவில்லை. வேக்காடான நாள். ஒரு இடி இடித்தால் போதும். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'நாளைக்குத் தெரியட்டும் எல்லாருக்கும் அவ லட்சணம்' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. வெளியே வந்து பூட்டினாள். அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். கணவர்கூட ஆச்சரியப்பட்டார்.

காலையில் கூடத்தைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. எல்லாம் போயிருந்தது. ஓரகத்தி ஃபிரிட்ஜ் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைக்காமலேயே வாசலுக்குப் போய் வரிசையிடம் சொன்னாள்: "பாலும் தயிரும் கோழியும் கெட்டுப்போச்சு. தப்பு என்னோடதுதான். கதவைச் சரியா மூடாம ஓடிட்டேன். மன்னிச்சிருங்க."

அக்கா காத்திருந்த நேரம் அது. முணுமுணுப்பு வரும், முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தாள்.

"அட விடும்மா, எங்க வீட்ல மாசத்துக்கு ஒரு தடவை நடக்குது" என்றான் ஒருவன். "பாப்பாவுக்கு ஜுரம்னு ஓடினீங்களாமே, இப்ப எப்படி இருக்கு?" என்றாள் இன்னொருத்தி. ரொட்டிக்கடைக்காரர் கடைக்குப் போய் இன்னொரு பெட்டி தூக்கி வந்தார். வாங்க வந்திருந்த ஒரு பெண் வீட்டுக்கு ஓடி, தன்னிடம் இருந்த தயிரைக் கொண்டுவந்து கூடையில் வைத்தாள். அழுத முகத்தோடு ஓரகத்தி சிரிக்க, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அக்காவுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. தப்பு செய்தால்கூட இவளைத்தான் கொஞ்சுவார்களா?

அப்போதுதான் வரிசையின் கடைசியில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, வெறும் பையை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போவதைப் பார்த்தாள். பாலுக்காக மட்டும் வருகிறவள் அவள்.

அக்கா பின்னாலேயே ஓடினாள். "ஏம்மா, நில்லு."

"பரவால்லக்கா. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

"எங்க பாத்துக்குவ?"

அக்கா அவள் பையை வாங்கிக்கொண்டாள். அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், இருந்த பாலை எல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தைக்குக் காய்ச்சி ஆற்றியும் தந்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அந்தக்கா பாவம், அழுதுட்டாங்க. எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிருங்கக்கா."

இவளுக்கும் அவள்தான்! அந்த எரிச்சலோடு பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்கா கூடத்துக்கே திரும்பி நடந்தாள்.

கூடத்தில் எல்லோரும் போயிருந்தார்கள். ஓரகத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத்துணியால் ஃபிரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் நேத்தே பாத்தேன்" என்றாள் அக்கா.

"எதை?"

"கதவு தொறந்திருந்ததை."

"பாத்துட்டு?"

"பூட்டிட்டுப் போயிட்டேன்."

ஓரகத்தி நிமிர்ந்தாள். அடுத்த நொடி அந்த ஈரத்துணி பறந்து வந்து அக்காவின் தோளில் சொத்தென்று விழுந்தது.

"நீங்கல்லாம் மனுஷியாக்கா? அத்தனை பேர் முன்னாடி அழுதுட்டு நின்னேன். பக்கத்துலதான நின்னீங்க! நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"எல்லாரும் உன்னையே கேக்குறாங்கடி. நான் ஆரம்பிச்சது. என் பேரைக்கூட உனக்கு வச்சிட்டாங்க."

"அதுக்குப் பால் என்ன பண்ணுச்சு?" என்று கத்தினாள் ஓரகத்தி. முகம் திட்டுத்திட்டாகச் சிவந்து, மூக்கு ஒழுகி, குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. அந்த நேரத்திலும் அக்காவுக்கு உள்ளே ஒரு மூலையில், 'இவளுக்கும் இப்படி ஒரு மூஞ்சி இருக்கா' என்று சின்னதாக ஓர் ஆறுதல் வந்தது. வந்ததற்கு வெட்கமும் வந்தது.

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள்.

"ஒரு மண்ணும் சொல்ல வேண்டாம். வேணும்னே கெடுத்தாங்கன்னு தெரிஞ்சா நாளைக்குப் பண்ணைக்காரன் பால் அனுப்புவானா? நான் மூடலன்னே இருக்கட்டும்."

ஆக, தப்பில் தான் செய்யாத பாதியையும் அவளே தூக்கிக்கொண்டாள். அதிலும் அவள்தான் ஜெயித்தாள். அதை நினைத்து அக்கா எத்தனையோ நாள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு வெகு காலம் ஓரகத்தி அவளிடம் பேசவில்லை. வேலைக்கு மட்டும் இருவரும் தவறாமல் வந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர், டப்பா அடுக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"அவங்ககிட்ட சொல்லுங்க, வெங்காயத்தை ஜன்னல் ஓரமா வைக்கணும்னு."

"தெரியும்னு சொல்லுங்க."

"தெரிஞ்சா ஏன் வைக்கலன்னு கேளுங்க."

"நான் ரிட்டயர் ஆயிட்டேம்மா" என்றார் தபால்காரர், கையெடுத்துக் கும்பிட்டு. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். உடனே இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வாரம் ஓரகத்தியே, "அக்கா, அந்தப் பையைப் பிடிங்க" என்றாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அக்காவின் கழுத்து தானாகத் திரும்பும். ஒரே வித்தியாசம், இப்போது அதை வாய்விட்டே சொல்லிவிடுவாள். "போதும்டி உன் கச்சேரி, எனக்கு வயிறு எரியுது" என்பாள். "எரியட்டும், சமைக்கக் கேஸ் மிச்சம்" என்பாள் ஓரகத்தி. கூடத்துக்கு வர முடியாதவர்களின் வீடு தேடிப்போய்ச் சாமான் கொடுக்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். கேள்விகளை விட்டுவிடவில்லை. தனியாகக் கிடக்கிறவர்களுக்கு யாராவது இரண்டு கேள்வி கேட்டால் பிடித்துத்தான் இருந்தது.

கொழுந்தனுக்கு மறுபடி மாற்றல் வந்தது. ஓரகத்தி போன பிறகு கூடம் முழுக்க அக்காவின் கைக்கே திரும்பி வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அலமாரியக்கா என்றால் இனி அவள் ஒருத்திதான். கூடைகளை அவள் மாற்றவில்லை. "தக்காளி சிவந்திருக்கு பாருங்க" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மதியம் போன் வந்தது.

"அக்கா, இங்கயும் ஒரு உணவு வங்கி இருக்குக்கா. நான் போய்ச் சேந்துட்டேன்."

"நல்லது. யார் நடத்துறாங்க?"

"ஒரு அக்கா. என்னமா பாத்துக்கறாங்க தெரியுமா! வந்த அன்னைக்கே எனக்குச் சாப்பாடு போட்டு, வீட்டுக்கும் கட்டிக் குடுத்தாங்க. கூடப் பொறந்த அக்கா மாதிரி."

அலமாரியக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். காது நுனி வரைக்கும் சூடு ஏறியது.

"யாருடி அவ?" என்றாள்.